மீன் வயிற்றில் புழு இருந்தால் என்ன செய்வது?

கோபிச்செட்டிபாளையத்தில் எங்களுக்கு ஒரு சின்ன மீன் கடை. வீட்டுக்காரர் ராத்திரியே வண்டியை எடுத்துக்கொண்டு கோயமுத்தூர் உக்கடம் மார்க்கெட்டுக்குப் போய், விடிவதற்குள் சரக்கோடு திரும்பிவிடுவார். வெட்டுவது, சுத்தம் செய்வது, வருகிற ஆட்களிடம் பேசுவது எல்லாம் என் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு நடுவில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்டுவிடுவார்: "ஏனுங்கக்கா, கடல் மீனுல புழு இருக்குதாமா, நெசமாங்?"

நெசம்தான், இருக்கும். காட்டில் மேயும் ஆட்டுக்குக் குடற்புழு வருவதில்லையா, அந்த மாதிரி கடலில் திரிகிற மீனின் உடம்பிலும் ஏதாவது ஓர் ஒட்டுண்ணி இருக்க வாய்ப்புண்டு. "நம்ம கடை மீனுல அதெல்லாம் வராதுங்க" என்று சொல்லி விற்றுவிடலாம்தான். நான் அப்படிச் சொல்வதில்லை. கடையில் நான் மறைத்ததை அவர்கள் வீட்டு அருவாமனையில் அந்த மீனே சொல்லிவிடும்.

கொஞ்ச காலத்துக்கு முன்னால் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ சுற்றியது. மீன் துண்டிலிருந்து கத்தி முனையால் ஒரு புழுவை இழுக்கிறார்கள். இதைத் தின்றால் மூளைக்குப் போய்விடும், கேன்சர் வரும் என்று பின்னால் ஒரு குரல். அந்த வாரம் எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் கொதித்து இறக்கிய குழம்பைச் சட்டியோடு கொட்டினார்கள். மாசமாக இருந்த ஒரு பெண் மீனே வேண்டாம் என்று விட்டுவிட்டாள். மத்தி மாதிரி நல்ல கொழுப்பும் புரதமும் உள்ள மீனை, அதுவும் கூலி வேலைக்குப் போகிற வீட்டுக்கும் கட்டுப்படியாகிற மீனை, இப்படிப் பயந்து ஒதுக்குவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. இதை எழுதுவது அதனால்தான்.

இந்த விஷயத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் என் அண்ணன் மகள். தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் படித்தவள். லீவுக்கு வந்தால் கடையில் வந்து உட்கார்ந்துகொள்வாள். நான் ஒதுக்கித் தள்ளுகிற குடலைக் கிளறிப் பார்ப்பதில் அவளுக்கு அப்படி ஓர் ஆசை. ஒருநாள் சாவாளை மீன் ஒன்றை வயிறு கீறியதும், "அத்தை, இருங்க இருங்க, கழுவிராதீங்க" என்று கையைப் பிடித்துவிட்டாள். ஈரல் மேலும், குடலைச் சுற்றியிருந்த சவ்விலும், வெள்ளையாகச் சின்னச் சின்ன வட்டங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். ஊசி முனையால் ஒன்றை நிமிண்டி எடுத்து உப்புத் தண்ணீரில் விட்டாள். சித்த நேரத்தில் அது தானாகச் சுருள் பிரிந்து நீண்டது. 2 சென்டிமீட்டர் இருக்கும், தையல் நூல் கனம். தலைப் பக்கத்தை இப்படியும் அப்படியும் ஆட்டித் துழாவியது. பனிக்கட்டியில் கிடந்து இத்தனை தூரம் வந்த மீனுக்குள் அது உயிரோடு இருந்தது.

"இதுதானுங்க அத்தை அனிசாக்கிஸ். மீன் புழுவுல மனுசன் கவனிக்க வேண்டிய ஆளு இதுதான்" என்றாள்.

அப்புறம் அவள் செய்து காட்டியதை நான் இன்றைக்கும் வருகிறவர்களிடம் சொல்கிறேன். மூன்று எவர்சில்வர் டம்ளர் எடுத்தாள். ஒன்றில் எலுமிச்சைச் சாறும் உப்பும் மஞ்சளும். இன்னொன்றில் வினிகர். மூன்றாவதில் அடுப்பிலிருந்து இறக்கிய வெந்நீர். மூன்றிலும் இரண்டிரண்டு புழுவை விட்டாள். வெந்நீரில் விழுந்தவை அந்த நிமிஷமே விறைத்துப் போயின. மற்ற இரண்டு டம்ளர்களையும் மூடி வைத்துவிட்டுப் படுத்தோம். மறுநாள் காலையில் வாசல் தெளித்துவிட்டு வந்து பார்த்தால் எலுமிச்சையிலும் வினிகரிலும் புழு இன்னும் நெளிந்துகொண்டிருக்கிறது. மீனை உப்பும் மஞ்சளும் போட்டு அலசுவதும், எலுமிச்சை பிழிந்து பிசறி வைப்பதும் வாடைக்கும் ருசிக்கும் நல்லதுதான். இந்த மூன்றில் புழுவைக் கொல்வது சூடு மட்டும்தான் என்று அன்றைக்கு என் கண்ணாலேயே பார்த்துக்கொண்டேன்.

இந்தப் புழுவின் பிழைப்பைக் கேட்டால் நம் பயம் பாதி குறையும். அனிசாக்கிஸ் முழுப் புழுவாக வளர்ந்து முட்டையிடுவது திமிங்கிலம், டால்பின் மாதிரி கடலில் வாழும் பாலூட்டிகளின் வயிற்றில். நம்முடையதைப் போன்ற வெப்பக் கடல்களில் டால்பின்களிடம் இருப்பது பெரும்பாலும் அனிசாக்கிஸ் டிபிகா என்ற வகை. முட்டை கழிவோடு கடலில் விழுகிறது. அதிலிருந்து வரும் இளம்புழுவைக் கூனி இறால் போன்ற சின்னஞ்சிறு உயிர்கள் தின்கின்றன, அவற்றை மீனும் கணவாயும் தின்கின்றன. மீன் வயிற்றில் புழு சுருண்டுகொண்டு காத்திருக்கிறது. எதற்கு? அந்த மீனை ஒரு டால்பின் விழுங்குவதற்கு. நடுவில் மனிதன் பச்சையாகத் தின்றுவிட்டால் அது அதற்கு வழி தவறிய இடம். நம் உடம்பில் அது வளரவும் முடியாது, குட்டி போடவும் முடியாது. கொஞ்ச நாளில் செத்துவிடும். ஆனால் சாவதற்குள் இரைப்பையின் சுவரிலோ குடலிலோ தலையைக் குத்தி நுழையப் பார்க்கும். அதுதான் நோய்.

1960இல் நெதர்லாந்தில் வான் தீல் என்ற அறிஞரும் அவரோடு வேலை செய்தவர்களும் இதை முதன்முதலில் விவரமாக எழுதினார்கள். அந்த ஊரில் ஹெர்ரிங் என்ற மீனை லேசாக உப்பில் ஊறவைத்துப் பச்சையாகவே தின்பார்கள். அப்படித் தின்றவர்களுக்குத் திடீரென்று தாங்க முடியாத வயிற்றுவலி வந்தது. 1968இல் ஹெர்ரிங்கை உறைய வைத்துத்தான் விற்க வேண்டும் என்று அங்கே சட்டமே போட்டார்கள். இன்றைக்கு உலகத்திலேயே அதிகமாக இந்த நோய் வருவது ஜப்பானில்; வருஷத்துக்கு ஆயிரக்கணக்கானவர்களுக்கு வருகிறது. பச்சை மீன் அங்கே அன்றாட உணவு. நம் பக்கம் இது அரிதாக இருப்பதற்கு நம் மீன் சுத்தம் என்பது காரணம் இல்லை. நம் அம்மாக்களும் அம்மாயிகளும் மீனைக் கொதிக்கக் கொதிக்க வேகவைத்ததுதான் காரணம்.

வயிறு கீறும்போது கண்ணில் படுவது எல்லாம் அனிசாக்கிஸும் இல்லை. பாறை, வஞ்சிரம், அயிலை மாதிரி மீன்களில் சில சமயம் அரிசி மணி அளவில் வெள்ளையாக, ஒரு பக்கம் வால் நீண்ட கூடுகள் கிடைக்கும். வயிற்றறையிலும் இருக்கும், சதைக்குள்ளும் இருக்கும். அவை நாடாப்புழுவின் குஞ்சுகள். பெரிசாகி வாழ்வது சுறா, திருக்கையின் குடலில். லென்ஸ் வைத்துப் பார்த்தால் தலையில் நான்கு கொக்கி முள் கொடிகள் தெரியும். பார்க்கத்தான் பயமாக இருக்கும், மனிதனை அவை பிடிப்பதில்லை. கத்தி முனையால் நெம்பி எடுத்துவிட்டுச் சமைக்கலாம். ஒரே துண்டில் நிறைய இருந்தால் எனக்கே மனசு ஒப்பாது. அந்த மீனை ஒதுக்கி வைத்துவிட்டு வேறு மீன் எடுத்துக் கொடுத்துவிடுவேன்.

சினைக்கென்றே மீன் வாங்குகிறவர்கள் உண்டு. அவர்களை மிரள வைப்பது வேறொன்று. பன்னா, களவா மாதிரி மீன்களின் சினையை அமுக்கிப் பார்த்தால் கருஞ்சிவப்பாக நூல் நூலாகச் சுருண்டு கிடக்கும். இழுத்தால் அறுந்து ரத்தம் கசியும். ரத்த நாளம் என்று நினைத்து விடுபவர்கள் அதிகம். அது ஃபிலோமெட்ரா என்ற புழு, மீனின் ரத்தத்தைக் குடித்து சினைக்குள்ளேயே வாழ்வது. இதுவும் சமைத்துச் சாப்பிடுகிற நமக்குத் தொந்தரவு தருவதில்லை. ஆனாலும் சினையை அப்படியே சட்டியில் போடாமல் வெளிச்சத்தில் ஒரு தடவை பிரித்துப் பார்த்து, நூல் இருந்தால் எடுத்துவிட்டுப் போடுவது நல்லது. சூரை மீனின் செவுளில் மஞ்சளாகச் சின்னப் பைகள் ஒட்டியிருந்தால் அதுவும் ஒரு வகைத் தட்டைப்புழுவின் கூடு. செவுளை எப்படியும் நாம் பிய்த்து எறிந்துவிடுகிறோம். அயிலையின் செவுள் மூடியைத் தூக்கினால் உள்ளே காலும் ஓடுமாக வெளிறிப்போன ஒரு பூச்சி உட்கார்ந்திருக்கும் பாருங்கள், அது புழுவே இல்லை, மீன் பேன். ஒருநாள் ஒரு அம்மிணி அதைப் பார்த்து அலறி மீனைக் கீழே போட்டுவிட்டாள். எடுத்துக் கையில் வைத்துக் காட்டிய பிறகு அவள் பையன் அதைத் தீப்பெட்டியில் போட்டுப் பள்ளிக்கூடத்துக்கே கொண்டுபோய்விட்டான்.

சரி, வீட்டில் என்ன செய்ய வேண்டும்?

முதல் வேலை, குடலை எடுப்பது. மீன் செத்த பிறகு, குறிப்பாகக் குளிர்ச்சி போதாமல் கிடந்தால், குடலைச் சுற்றி இருக்கிற அனிசாக்கிஸ் புழுக்கள் சில அங்கிருந்து நகர்ந்து வயிற்றுச் சதைக்குள் நுழையும். கடலோர ஊர்களில் காலையில் பிடித்த மீனை மத்தியானம் கீறிவிடுவார்கள். நம் ஊருக்கு வருகிற மீன் அப்படியில்லை. கொச்சி, பொன்னானிப் பக்கமிருந்து வாளையார் வழியாக வரும், ராமேஸ்வரம், தூத்துக்குடிப் பக்கமிருந்தும் வரும். படகில் கிடந்த நேரம், ஏலம் போன நேரம், லாரியில் வந்த நேரம் எல்லாம் சேர்த்தால் கோபிக்கு வரும்போது ஒரு நாள் இரண்டு நாள் ஆகிவிடும். மத்தி, அயிலை மாதிரிச் சின்ன மீன் எல்லாம் குடலோடுதான் வரும். அதனால் வாங்கின மீனை அப்படியே ஃப்ரிட்ஜில் தள்ளிவிட்டு, சாயங்காலம் சீரியல் முடிந்து சுத்தம் செய்யலாம் என்று விடாதீர்கள். கடையிலேயே கீறச் சொல்லுங்கள். நாங்கள் கீறித்தான் கொடுப்போம், அவசரத்தில் இருக்கிறவர்கள்தான் "வேண்டாங்க, ஊட்டுல பாத்துக்கறோம்" என்று பையை நீட்டுவார்கள்.

கீறும்போது வயிற்றின் உள்பக்கத்தில் கருப்பாக ஒரு சவ்வு இருக்கும். அதை விரலால் தேய்த்து உரித்து, முதுகெலும்பை ஒட்டின ரத்தக்கட்டையும் சுரண்டி எடுத்துவிட்டு, குழாய்த் தண்ணீர் ஓட ஓட அலச வேண்டும். சதைக்குள் போன புழுக்களில் பெரும்பாலானவை வயிற்றுப் பக்கத்து மெல்லிய சதையில்தான் இருக்கும். கொழுப்பு உள்ள, ருசியான இடமும் அதுதான், வெட்டி எறியச் சொல்ல எனக்கு மனசு வராது. அந்தத் துண்டை வறுவலுக்கு ஒதுக்காமல் குழம்பில் போட்டுவிடுவேன். பிள்ளைகளுக்கு முள் இல்லாமல் சதையை மட்டும் அரிந்து கொடுக்கும்போது செல்போன் டார்ச்சைப் பின்னால் பிடித்துப் பார்ப்பேன். மெல்லிய துண்டாக இருந்தால் வெளிச்சம் ஊடுருவி, புழு இருக்கிற இடம் நிழலாகத் தெரியும். கனமான துண்டில் இந்த வழி அவ்வளவாக உதவாது.

குடலைப் பச்சையாகப் பூனைக்கும் நாய்க்கும் போடாதீர்கள். எங்கள் கடைக் கழிவை இயற்கை விவசாயம் பார்க்கிறவர்கள் கேனில் எடுத்துப்போய் நாட்டுச்சர்க்கரை போட்டு மீன் அமிலம் தயாரிக்கிறார்கள். வாழைக்கும் நெல்லுக்கும் போய்ச் சேருகிறது.

அடுத்தது வேகவைப்பது. சதையின் நடுப்பகுதி 60 டிகிரி சூட்டை எட்டி ஒரு நிமிஷமாவது அதில் நின்றால் அனிசாக்கிஸ் செத்துவிடும். கொதிக்கிற குழம்பு 100 டிகிரி. புளித்தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது போட்ட மீனைப் பற்றி ஒரு கவலையும் வேண்டாம். நெத்திலி, மத்தி வறுவலும் அப்படித்தான், மெல்லிய உடம்பு, சட்டென்று வெந்துவிடும். நான் எச்சரிப்பது கனமான வஞ்சிரத் துண்டைப் பற்றித்தான். ஒறம்பரை வந்துவிட்டால் கனமாக வெட்டச் சொல்வார்கள், தட்டில் பார்க்க லட்சணமாக இருக்கும் என்று. தோசைக்கல் நன்றாகக் காய்ந்திருக்கும், மசாலா இரண்டு பக்கமும் கருகிச் சிவந்துவிடும், நடு முள்ளுக்குப் பக்கத்தில் சதை இன்னும் கண்ணாடி மாதிரிப் பளபளவென்று ஒட்டிக்கொண்டே இருக்கும். அடுப்பைக் குறைத்து, ஒரு மூடி போட்டு, நிதானமாக வேகவிட வேண்டும். கரண்டி முனையை நடு முள் ஓரத்தில் நுழைத்துப் பாருங்கள். சதை வெள்ளையாகி ஏடு ஏடாக முள்ளை விட்டுக் கழன்றால் வெந்துவிட்டது என்று அர்த்தம். முழு மீனைக் கரியில் சுட்டுத் தருகிற கடைகளில் சாப்பிடும்போதும் முதலில் முதுகுப் பக்கம் கனமான இடத்தைப் பிரித்துப் பாருங்கள். வேகவில்லை என்றால் திருப்பிக் கொடுத்து இன்னும் கொஞ்சம் சுடச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. மைக்ரோவேவில் ஓரம் கொதிக்கும், நடுவில் சில்லென்று இருக்கும். பச்சை மீனை அதில் வேகவைக்க நான் யாருக்கும் சொல்வதில்லை.

திருப்பூரில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை செய்யும் எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் வந்தான். துணி வாங்க வந்த வெளிநாட்டுக்காரர்களோடு போய், பச்சை மீன் வைத்துத் தருகிற ஜப்பான் பண்டமான சுஷி சாப்பிட்டிருக்கிறான், ருசி பிடித்துவிட்டது. "அக்கா, சூரை மீன் நல்லதா ஒண்ணு குடுங்க, ஊட்டுலயே பச்சையா வெட்டித் திங்கலாம்னு இருக்கறேன்" என்றான். நான் கொடுக்கவில்லை. உட்காரவைத்துப் பேசினேன். பச்சையாகத் தின்பதற்கென்று விற்கிற மீனுக்கு ஒரு முறை இருக்கிறது. அமெரிக்காவில் உணவுத் துறை சொல்வது, மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மைனஸ் 35 டிகிரியில் கட்டியாக உறைய வைத்து அதே குளிரில் 15 மணி நேரம். ஐரோப்பாவில் மைனஸ் 20இல் 24 மணி நேரம் என்று கணக்கு. அதுவும் மீனின் நடுப்பகுதிவரை அந்தக் குளிர் போய்ச் சேர்ந்த பிறகு. நம் வீட்டு ஃப்ரிட்ஜின் மேல்தட்டு, நாளைக்குப் பத்துத் தடவை திறந்து மூடி, ஐஸ்க்ரீமும் இட்லி மாவும் அடுக்கி வைத்திருக்கிற இடம். அது அந்தக் குளிருக்குப் போகிறதா என்று தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்காமல் நம்பக்கூடாது. லாரியில் குலுங்கி வந்த மார்க்கெட் மீன், பச்சையாகத் தின்பதற்கென்று பிடித்ததும் இல்லை, பாதுகாத்ததும் இல்லை. புழு போகட்டும், வேறு கிருமிகள் எத்தனையோ இருக்கும். "ஆசையா இருந்தா, அந்த முறைப்படி செய்யற கடையான்னு கேட்டுட்டுத் தின்னு சாமி, எங்கிட்ட வாங்கி மட்டும் செய்யாதே" என்றேன். கணவாய் கால் கிலோ வாங்கிக்கொண்டு போனான். கணவாயிலும் அனிசாக்கிஸ் உண்டு, ஆனால் மெல்லிய வளையமாக அரிந்து வறுத்தால் இரண்டே நிமிஷத்தில் சூடு முழுக்கப் பாய்ந்துவிடும்.

பச்சை மீன், அரைவேக்காட்டு மீன் தின்ற சில மணி நேரத்தில் மேல்வயிற்றில் பிடுங்குகிற மாதிரி வலியும் குமட்டலும் வாந்தியும் வந்தால், கேஸ் ட்ரபிள் என்று சோடா குடித்துக்கொண்டு இருக்காமல் டாக்டரிடம் போய், என்ன மீனை எப்படித் தின்றோம் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும். இதை அவர்கள் எண்டோஸ்கோப்பி செய்து, அதாவது வாய் வழியாகக் கேமரா வைத்த குழாயை விட்டுப் பார்த்து, புழு இருந்தால் அந்தக் குழாய் வழியாகவே கவ்வி எடுத்துவிடுவார்கள். எடுத்ததும் வலி நின்றுவிடும். பூச்சி மாத்திரை போட்டால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற அல்பெண்டசோல் மண்ணிலிருந்து வருகிற உருண்டைப்புழு, கொக்கிப்புழுவுக்கானது. அதைத் தவறாமல் கொடுங்கள். மீன் புழுவுக்கு முன்ஜாக்கிரதையாக மாத்திரை போடுகிற பழக்கம் தேவையே இல்லை, அடுப்பே போதும்.

இன்னொன்றும் உண்டு. சிலருக்கு அனிசாக்கிஸ் ஒவ்வாமை ஆகிவிடும். புழு செத்திருந்தாலும், மீன் வெந்திருந்தாலும், அதன் உடம்பில் உள்ள சில புரதங்கள் சூட்டில் அழிவதில்லை. ஸ்பெயினில் இப்படி நிறையப் பேரைக் கண்டிருக்கிறார்கள். மீன் தின்ற ஒவ்வொரு தடவையும் உடம்பெல்லாம் தடித்து வீங்குகிறது, உதடு கனக்கிறது, மூச்சு இழுக்கிறது என்றால் சும்மா இருந்துவிடாதீர்கள். மூச்சு இழுத்தால் உடனே ஆஸ்பத்திரி.

ஆனால் எங்கள் பக்கத்தில் மீன் தின்று தடித்துப் போகிறவர்களில் பலருக்குக் காரணம் வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. கடலிலிருந்து தூரத்தில் இருக்கிற நம்மைப் போன்ற ஊர்க்காரர்கள் புழுவைவிட முதலில் பயப்பட வேண்டியது இதற்குத்தான். மாரியம்மன் நோம்பி முடிந்த மறுநாள் ஒரு சொந்தக்காரர் வீட்டில் விருந்து. அயிலை மீன் வெளியூரில் வாங்கியிருந்தார்கள். காலையில் வாங்கியது, காரின் டிக்கியில் மத்தியானம்வரை கிடந்திருக்கிறது. சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குள் இரண்டு மூன்று பேருக்கு முகமும் கழுத்தும் செக்கச்செவேல் என்று ஆனது. தலைவலி, நெஞ்சு படபடப்பு, நாக்கில் சுருசுருவென்று ஒரு எரிச்சல். "மீனுல புழு இருந்துருக்குது" என்று ஒரே கூச்சல். டாக்டர் அலர்ஜி ஊசி போட்டார், சாயங்காலத்துக்குள் எல்லோரும் எழுந்து நடமாடினார்கள்.

அது ஹிஸ்டமின். அயிலை, சூரை, மத்தி மாதிரி மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற சத்து அதிகம். மீன் குளிர்ச்சி இல்லாமல் கிடந்தால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். புழுவைக் கண்ணால் பார்க்கலாம், வேகவைத்துக் கொல்லலாம். ஹிஸ்டமின் அப்படியில்லை. எவ்வளவு கொதிக்கவைத்தாலும் போகாது, திரும்ப உறைய வைத்தாலும் போகாது, வாசனையில் எப்போதும் தெரியும் என்றும் சொல்ல முடியாது. தடுக்க ஒரே வழி, பிடித்த நேரம் முதல் அடுப்பில் ஏறுகிறவரை மீன் 4 டிகிரிக்கு மேல் சூடாகாமல் பார்த்துக்கொள்வது. நம் ஊர் வெயிலுக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பது கணக்கு. எங்கள் பெட்டியில் அடியில் ஒரு அடுக்கு, நடுவில், மேலே என்று உடைத்த ஐஸைப் போட்டுத்தான் மீனை வைக்கிறோம். கரைகிற தண்ணீர் வெளியே ஓட ஓட்டையும் இருக்கும். மீன் வாங்கப் போகிறவர்கள் காய்கறி, மளிகை எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியாக மீன் கடைக்கு வாருங்கள். வண்டியில் தூரம் போகிறவர்கள் ஒரு தெர்மாகோல் பெட்டி கொண்டுவந்தால் நாங்களே ஐஸ் போட்டுக் கொடுக்கிறோம், அதற்குக் காசு வாங்குவதில்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஜூன் 9 நள்ளிரவு தொடங்கி ஜூலை கடைசிவரை கேரளத்தில் ட்ராலிங், அதாவது இழுவலை மீன்பிடிப்புக்குத் தடை. இந்த மாதங்களில் மீன் தூரத்திலிருந்து வரும், ஐஸில் கிடந்த நாளும் கூடும். அப்போது கண் குழி விழாமல் இருக்கிறதா, செவுள் சிவந்திருக்கிறதா, அமுக்கினால் சதை திரும்ப எழும்புகிறதா என்று இரண்டு தடவை பார்த்து வாங்குங்கள். மனசுக்குப் பிடிக்கவில்லையா, பவானிசாகர் கட்லாவோ ரோகுவோ வாங்கிக்கொண்டு போங்கள், எனக்கு வருத்தமில்லை.

கருவாட்டைப் பற்றியும் கேட்பார்கள். சந்தையில் வாங்கிய கருவாட்டில் நெளிகிற வெள்ளைப் புழு கடலிலிருந்து வந்தது இல்லை. சரியாகக் காயாத மீனில் ஈ உட்கார்ந்து இட்ட முட்டையிலிருந்து வந்தது. காய்ந்த கருவாட்டில் ரோமம் உள்ள பழுப்புப் புழு ஓடினால் அது தோல் வண்டின் குஞ்சு. இரண்டுமே காயவைத்ததிலும் வைத்திருந்ததிலும் உள்ள குறை. புழுத்த கருவாட்டைக் கழுவிச் சமைக்க வேண்டாம், தள்ளிவிடுங்கள். மழைக் காலத்தில் கொஞ்சமாக மட்டும் வாங்கி, வந்ததும் வெயில் கிடைக்கிற அன்றைக்கு முறத்தில் பரப்பி, மேலே வலைத்துணி போட்டு ஒரு காய்ச்சல் காயவைத்து, ஆறின பிறகு இறுக மூடுகிற டப்பாவில் போட்டு வையுங்கள்.